ரத்தத்தில் தெரியும் அழற்சி எண்கள்: வைரஸ் நிமோனியாவில் அவை சொல்வதும் சொல்லாததும்

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, அதுவரை மருத்துவர்கள் மட்டுமே பேசிவந்த சில பெயர்கள் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின், எல்.டி.எச்., ஐ.எல்-6. லேப் ரிப்போர்ட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது அதிகமா? பயப்பட வேண்டுமா?" என்று கேட்பது அன்றாட வழக்கமானது. எண் கூடுதலாக இருப்பதைக் கண்டு பயந்து தாங்களாகவே ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு. எண் குறைவாக இருக்கிறது என்ற தைரியத்தில் மூச்சுத்திணறலைப் பொருட்படுத்தாமல் இருந்தவர்களும் உண்டு. இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை.

கொரோனாவின் வேகம் தணிந்துவிட்டது. ஆனால் வைரஸ் நிமோனியா நம்மை விட்டுப் போகவில்லை. ஃப்ளூ காய்ச்சலிலும் அது வரும். எனவே இந்தப் பரிசோதனைகள் எதைக் காட்டுகின்றன, எங்கே உதவுகின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

அழற்சி என்றால் என்ன?

வைரஸ் நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் நுழைந்ததும் உடலின் எதிர்ப்புப் படை விழித்துக்கொள்கிறது. அந்தப் படையின் செல்கள் சைட்டோகைன் எனும் ரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, வெள்ளை அணுக்கள் குவிகின்றன. இதுவே அழற்சி. அளவோடு இருந்தால் இது நம்மைக் காக்கும். அளவு மீறினால் காற்றுப்பைகளில் நீர் நிறைந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவது தடைபடும்.

கொரோனாவில் முதல் வாரம் வைரஸ் பெருகும் காலம். பலருக்கு அத்துடன் நோய் தணிந்துவிடும். சிலருக்கு இரண்டாவது வாரத்தில், வைரஸ் குறையத் தொடங்கிய பிறகும், அழற்சி கட்டுக்கடங்காமல் போகிறது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் ரத்தப் பரிசோதனைகளை மருத்துவர்கள் நாடினார்கள்.

எந்தப் பரிசோதனை எதைக் காட்டுகிறது?

சி.ஆர்.பி.: 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இந்தப் புரதத்தை முதன்முதலில் கண்டார்கள். ஐ.எல்-6 என்ற சைட்டோகைன் கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் இதைத் தயாரிக்கிறது. அழற்சி தொடங்கிய சில மணி நேரங்களில் ஏறத் தொடங்கி, சுமார் 2 நாளில் உச்சத்தைத் தொடும். தூண்டுதல் நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்.

டி-டைமர்: ரத்தக்கட்டி உருவாகிக் கரையும்போது உண்டாகும் துணுக்கு. கடுமையான கொரோனாவில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் கட்டிகள் உருவாவதால் இது கூடுகிறது.

ஃபெரிட்டின்: இரும்புச்சத்தைச் சேமித்து வைக்கும் புரதம். அழற்சியிலும் ஏறும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்கு, அழற்சி இருந்தும் இது சாதாரண அளவில் காட்டக்கூடும்.

எல்.டி.எச்.: செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் நொதி. நுரையீரல் திசு சேதமானால் கூடும். கல்லீரல், இதயம், தசை பாதித்தாலும் கூடும்.

லிம்போசைட் எண்ணிக்கை: மேலே சொன்னவை நோய் முற்றும்போது ஏறும், இது இறங்கும். சாதாரண ரத்த அணுப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். செலவும் குறைவு.

புரோகால்சிட்டோனின்: இது பெரும்பாலும் பாக்டீரியா தொற்றில் கூடும். வைரஸ் நிமோனியாவில் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். எனவே மேல்தொற்று சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் இதைக் கேட்கலாம்.

மரண ஆபத்தை எண் சொல்லுமா?

சீனாவின் வூஹானில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்திருந்த 191 பேரை ஆராய்ந்த அறிக்கை 2020 மார்ச்சில் 'லான்செட்' இதழில் வந்தது. அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். அதிக வயது, பல உறுப்புகள் பாதிக்கப்பட்டிருத்தல், மருத்துவமனையில் சேரும்போதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் ஆகிய மூன்றும் மரணத்தோடு தொடர்புடையவை என்று அது காட்டியது.

இதைவிடப் பெரிய முயற்சி பிரிட்டனில் நடந்தது. அங்கே மருத்துவமனைகளில் சேர்ந்த 35,000க்கும் அதிகமானோரின் விவரங்களைக் கொண்டு '4சி' என்ற மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். 2020 செப்டம்பரில் அது வெளியானது. அதில் எட்டு விவரங்கள் உள்ளன: வயது, ஆணா பெண்ணா, வேறு நாள்பட்ட நோய்கள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, சுயநினைவு, ரத்த யூரியா, சி.ஆர்.பி. மொத்த மதிப்பெண் 21.

இதில் சி.ஆர்.பி.க்கு உள்ள பங்கைக் கவனியுங்கள். அது எவ்வளவு ஏறினாலும் அதிகபட்சம் 2 மதிப்பெண்தான். 80 வயதைத் தொட்டவருக்கு வயது மட்டுமே 7 மதிப்பெண் தரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இருவருக்கும் சி.ஆர்.பி. 120 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 35 வயதுப் பெண். வேறு நோய் இல்லை, ஆக்சிஜன் 97, மூச்சு சீராக உள்ளது, யூரியாவும் சரி. அவருடைய மொத்த மதிப்பெண் 2. மற்றவர் 72 வயது ஆண். சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உண்டு. ஆக்சிஜன் 90, நிமிடத்துக்கு 26 மூச்சு, யூரியா சற்றே அதிகம். அவருடைய மதிப்பெண் 15. அந்த ஆய்வில் 3 வரை மதிப்பெண் பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ ஒருவர் இறந்தார். 15ம் அதற்கு மேலும் பெற்றவர்களில் 100க்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சி.ஆர்.பி. எண் ஒன்றே, ஆபத்தோ மலைக்கும் மடுவுக்கும். இந்தக் கணக்கு தடுப்பூசி வருவதற்கு முன், மருத்துவமனையில் சேர்ந்தவர்களைக் கொண்டு போடப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர் இதைத் தமக்குத் தாமே போட்டுப் பார்த்துக் கலங்கத் தேவையில்லை.

எண் உயிரைக் காத்த இடம்

பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு டோசிலிசுமாப் என்ற மருந்தைச் சோதித்தது. ஐ.எல்-6 வேலை செய்யும் வழியை அடைக்கும் மருந்து அது. எல்லோருக்கும் அதைக் கொடுக்கவில்லை. ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும், சி.ஆர்.பி.யும் 75 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்த 4,000க்கும் மேற்பட்டோர் ஆய்வில் இடம்பெற்றார்கள். மருந்து பெற்றவர்களில் 31 சதவீதமும், பெறாதவர்களில் 35 சதவீதமும் இறந்தார்கள். அதாவது, சரியான ஆளைத் தேர்ந்தெடுக்க சி.ஆர்.பி. உதவியது.

இந்த மருந்தைப் பெற்றவருக்கு சி.ஆர்.பி. வேகமாக இறங்கிவிடும், ஏனெனில் கல்லீரலுக்குப் போகும் கட்டளையே தடுக்கப்படுகிறது. ஆகவே அதன்பின் புதிய தொற்று வந்தாலும் எண் சாதாரணமாகத் தோன்றலாம்.

எண் தீங்கு செய்த இடம்

அதே 'ரெகவரி' ஆய்வு டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டைப் பற்றியும் தெளிவாகச் சொன்னது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அவர்களுக்குத் தீங்கு நேரலாம் என்ற ஐயமே எழுந்தது. இங்கே பிரிவினை ஆக்சிஜனை வைத்துச் செய்யப்பட்டது, சி.ஆர்.பி.யை வைத்து அல்ல.

இந்தியாவில் பல இடங்களில் இது மாறிப்போனது. லேசான நோய் உள்ளவர்கள் மூன்றாம் நாளிலேயே ரத்தப் பரிசோதனை செய்தார்கள். காய்ச்சல் இருந்தால் சி.ஆர்.பி. ஓரளவு ஏறத்தான் செய்யும். அதைக் கண்டு அஞ்சி ஸ்டீராய்டு தொடங்கினார்கள். 2021 மே மாதம் டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா, லேசான நோயில் சி.டி. ஸ்கேனும் இந்த ரத்தப் பரிசோதனைகளும் தேவையில்லை என்று வெளிப்படையாக எச்சரித்தார். தொடக்கத்திலேயே எடுக்கும் ஸ்டீராய்டு வைரஸ் பெருக வழிவிடும். சர்க்கரையை ஏற்றும். அந்த ஆண்டு நாட்டில் 40,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை நோய்க்கு, கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

ரிப்போர்ட் கையில் வந்தால்

முதலில் அலகைப் பாருங்கள். சி.ஆர்.பி.யை ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராமிலும், மற்றொன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும் தரலாம். முதலாவதில் 60 என்பதும் இரண்டாவதில் 6 என்பதும் ஒன்றே. டி-டைமருக்கும் லேப்புக்கு லேப் அலகு மாறும். எனவே முடிந்தவரை ஒரே லேப்பில் பரிசோதியுங்கள்.

ஒரே ஒரு எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். மருத்துவமனையில் இருப்பவருக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடி பார்ப்பது அதனால்தான்.

வேறு காரணங்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல்லில் சீழ், மூட்டுவாதம், ஆறாத புண் ஆகியவை சி.ஆர்.பி.யை ஏற்றும். கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, முதுமை ஆகியவை டி-டைமரை ஏற்றும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போது பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலோ, நிமிடத்துக்கு 24 மூச்சுக்கு மேல் வாங்கினாலோ, பேச்சு குழறி மயக்கம் தெரிந்தாலோ லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்தம் எடுப்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.