போர்க்காலக் கட்டுப்பாடும் நிறுவன மேலாளர் ஊதியமும் – பெங்களூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நிறுவனம் தன் மேலாண் இயக்குநர்க்கு எவ்வளவு சம்பளம் வழங்கலாம் என்பதற்கு அரசின் ஒப்புதலைப் பெறவேண்டிய நடைமுறை இந்தியாவில் 1951 முதல் 2018 வரை ஏதேனும் ஒரு வடிவில் நிலவியது. இந்நடைமுறை விடுதலைக்குப் பிந்தைய சமதர்மக் கொள்கையின் விளைவு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. அக்கருத்து ஓரளவே பொருந்தும். இதன் வேர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்து நிதிக் கட்டுப்பாடுகளில் உள்ளன என்பதையும், போர்த்தொழில்களால் உருப்பெற்ற பெங்களூர் நகரில் இது தனித்ததொரு வடிவம் கொண்டது என்பதையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊதியம் – சொல்லும் பொருளும்

இன்று சம்பளம் என்னும் பொருளில் வழங்கும் 'ஊதியம்' என்னும் சொல், திருக்குறளில் ஆதாயம், இலாபம் என்னும் பொருளிலேயே வருகின்றது. முதல் இல்லாதவர்க்கு ஊதியம் இல்லை என்னும் கருத்தமைந்த குறள் இதற்குச் சான்றாகும். உழைப்பிற்குப் பெறுவதைக் குறிக்கக் 'கூலி' என்னும் சொல்லை வள்ளுவர் ஆள்கின்றார். நிறுவனத் தலைவர் பெறும் தொகை உழைப்பிற்கான கூலியா, முதலீட்டின் ஆதாயத்தில் ஒரு பங்கா என்னும் வினாவே நாம் காணவிருக்கும் சட்டங்கள் அனைத்தின் அடியிலும் உள்ளது. கூலியாயின் அதனைப் பிறர் கூலியோடு ஒப்பிட்டு அளவிடலாம். ஆதாயமாயின் ஆதாயத்தின் விழுக்காடாகவே அளவிட இயலும். இவ்விரு அளவுகோல்களுக்கும் இடையே அரசு மாறிமாறி நின்றதை வரலாறு காட்டுகின்றது.

அமெரிக்க முன்மாதிரி

போர்க்காலச் சம்பளக் கட்டுப்பாட்டின் முழுமையான வடிவத்தை அமெரிக்காவில் காணலாம். 1942 அக்டோபர் 2இல் நிலைப்படுத்தல் சட்டம் நிறைவேறியது. மறுநாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9250ஆம் எண்ணுள்ள நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். தொழிலாளர் கூலியைப் போர்க்காலத் தொழிலாளர் வாரியம் கண்காணித்தது. ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேற்பட்ட சம்பளங்களை உயர்த்துவதற்கு வருவாய்த்துறை ஆணையரின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஒப்புதலின்றி உயர்த்திய நிறுவனம் அச்சம்பளத்தை வரிக் கணக்கில் செலவாகக் காட்டும் உரிமையை இழந்தது. ஆகவே தண்டனையின் கூர்முனை வரிச்சட்டத்திலேயே அமைந்தது எனலாம்.

வரி நீங்கலாக 25,000 டாலருக்கு மேல் எவரும் சம்பளம் பெறலாகாது என்னும் வரம்பும் 1942 அக்டோபர் இறுதியில் விதிக்கப்பட்டது. வரிக்கு முந்தைய தொகையாகக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 67,200 டாலராகும். ஆயின் 1943 ஏப்ரலில் அமெரிக்கப் பேரவை பொதுக்கடன் சட்டத்தின் வாயிலாக இவ்வரம்பை நீக்கிவிட்டது. ஏனைய கட்டுப்பாடுகள் 1946இல் முடிவுக்கு வந்தன. கொரியப் போரின்போது மீண்டும் தோன்றிய சம்பள நிலைப்படுத்தல் வாரியமும் 1953இல் மறைந்தது. போர் முடியக் கட்டுப்பாடும் முடிந்தது என்பதே அமெரிக்க வரலாறு. இந்திய வரலாறு இதற்கு நேர்மாறானது.

இந்தியாவில் போர்க்கால நடைமுறை

பிரித்தானிய இந்தியாவில் மேலாளர் சம்பளத்திற்கெனத் தனி ஒப்புதல் அலுவலகம் போர்க்காலத்தில் ஏற்படவில்லை. அப்பணியை மறைமுகமாகச் செய்தது 1940ஆம் ஆண்டின் மிகை இலாப வரிச் சட்டமாகும். போருக்கு முந்தைய இலாபத்தை அளவாகக் கொண்டு, அதற்கு மேற்பட்ட இலாபத்தில் முதலில் 50 விழுக்காடும், 1941 முதல் மூன்றில் இரண்டு பங்கும் வரியாகப் பெறப்பட்டன.

இவ்வரியின் இயல்பான விளைவொன்று இங்குக் கருதத்தக்கது. மிகை இலாபம் ஈட்டிய நிறுவனம் ஓர் இயக்குநர்க்கு 100 ரூபாய் கூடுதலாக வழங்கினால், அதில் 66 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை அரசின் வரியிலிருந்தே குறைந்தது. பங்குதாரர்க்கு ஏற்பட்ட இழப்பு 34 ரூபாய்க்கும் குறைவே. எனவே இலாபத்தைச் சம்பளமாக மாற்றிக் காட்டுவதற்குத் தூண்டுதல் மிகுந்தது. இதனைத் தடுக்கவே அச்சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ள 12ஆம் விதி, தொழிலின் தேவைக்கு ஏற்ற நியாயமான அளவிற்கு மேற்பட்ட செலவை ஏற்க மறுக்கும் அதிகாரத்தை வரி அலுவலர்க்கு வழங்கியது. இயக்குநர்க்கு வழங்கும் தொகையைப் பொறுத்தவரை, அவர் உண்மையில் ஆற்றிய பணியை நோக்கி அளவிடவேண்டும் என்றும் அவ்விதி கூறியது. தனியார் நிறுவனத் தலைவரின் உழைப்பு எவ்வளவு பெறும் என்று அரசு அலுவலர் மதிப்பிடும் மரபு இவ்வாறு தொடங்கியது எனலாம்.

போருக்கு முன்னரே, 1936ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத் திருத்தம் மேலாண்மை முகவர்களின் ஊதியம் நிகர இலாபத்தின் குறிப்பிட்ட விழுக்காடாக அமையவேண்டும் என விதித்திருந்தது. மேனேஜிங் ஏஜென்சி என வழங்கிய இம்முறையில் ஒரு நிறுவனத்தின் நிர்வாகம் மற்றொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும். பெங்களூரின் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை சென்னைப் பின்னி நிறுவனத்தின் மேலாண்மையில் இயங்கியமை இதற்கு எடுத்துக்காட்டாகும். எனினும் விழுக்காட்டின் உச்ச அளவை 1936ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுக்கவில்லை.

பெங்களூரும் இந்துஸ்தான் விமான நிறுவனமும்

போர்க்காலப் பெங்களூர் ஈராட்சிக்கு உட்பட்ட நகரமாகும். பேட்டைப் பகுதி மைசூர் மன்னராட்சியிலும், தமிழர் மிகுதியாக வாழ்ந்த தண்டுப் பகுதி பிரித்தானிய நிர்வாகத்திலும் இருந்தன. இந்நகரில் 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் இந்துஸ்தான் விமான நிறுவனத்தை நிறுவினார். மைசூர் திவான் மிர்சா இஸ்மாயில் நிலமும் முதலீடும் அளித்து ஊக்குவித்தார். அமெரிக்கரான வில்லியம் பாலி தொழில்நுட்பத் துணை நல்கினார். 1941இல் இந்திய அரசும் பங்குதாரராகச் சேர்ந்தது.

ஜப்பானியப் படை பர்மாவில் முன்னேறிய சூழலில், 1942 ஏப்ரலில் வால்சந்த் தரப்பின் பங்குகளை இந்திய அரசு வாங்கிக்கொண்டது. மைசூர் அரசு பங்கினைத் தக்கவைத்துக்கொண்டு போர்க்கால நிர்வாகத்தினின்று விலகியது. 1943இல் தொழிற்கூடம் அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்ப்பு மையமாகச் செயற்படத் தொடங்கியது. ஈராண்டுகளுக்குள் ஒரு தனியார் நிறுவனம் அரசின் போர்க்கருவியாயிற்று.

இம்மாற்றம் ஊதிய வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது. ஏனைய இடங்களில் அரசு தனியார் வழங்கும் சம்பளத்தை ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ செய்தது. இங்கு அரசே உரிமையாளராயிற்று. ஒப்புதல் வேண்டுபவரும் ஒப்புதல் அளிப்பவரும் ஒரே அமைப்பின் இரு முனைகளாயினர். போருக்குப்பின் இந்நகரில் தோன்றிய ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954), பி.இ.எம்.எல். (1964) ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் அனைத்தும் இவ்வழியிலேயே சென்றன. அவற்றின் தலைவர்கள் பெற்ற சம்பளம் புதுதில்லி வகுத்த படிநிலைகளில் அடங்கியது.

கட்டுப்பாடு நிலைபெற்றமைக்கான காரணங்கள்

போர் முடிந்தபின்னும் கட்டுப்பாடு இந்தியாவில் நீடித்தமைக்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, நிர்வாகத் தொடர்ச்சி. 1943 மே மாதம் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்த் தொடங்கிய மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாடு, 1947இல் தனிச்சட்டமாகி 1992 வரை நீடித்தது. நிறுவனங்கள் தில்லியில் விண்ணப்பித்துக் காத்திருக்கும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

இரண்டாவது, விடுதலை இயக்கத்தின் அறநோக்கு. 1930 மார்ச்சில் காந்தியடிகள் வைசிராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில், வைசிராயின் நாட்சம்பளம் 700 ரூபாய், இந்தியரின் சராசரி நாள்வருவாய் இரண்டு அணாவிற்கும் குறைவு எனச் சுட்டினார். 1931ஆம் ஆண்டுக் கராச்சிக் காங்கிரசு, அரசு ஊழியர் சம்பளம் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேற்படலாகாது எனத் தீர்மானித்தது. 1937இல் இராஜாஜி தலைமையில் சென்னையில் அமைந்த அமைச்சரவை அவ்வளவையே ஏற்றது. சீனிவாச வரதாச்சாரியார் தலைமையிலான முதல் ஊதியக் குழு 1947இல் அரசு ஊழியரின் உச்சச் சம்பளமாக 2,000 ரூபாயைப் பரிந்துரைத்தது. ஜான் மத்தாய் தலைமையிலான வரிவிதிப்பு விசாரணைக் குழு, வரி நீங்கிய தனியாள் வருவாய் சராசரிக் குடும்ப வருவாயின் முப்பது மடங்கை மீறலாகாது எனக் கருதியது. போர் கருவியைத் தந்தது. விடுதலை இயக்கம் அக்கருவிக்கு அறநெறி நியாயத்தைத் தந்தது எனலாம்.

ஒப்புதல் முறையின் வளர்ச்சியும் தேய்வும்

1951 சூலையில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டமும் அதனைத் தொடர்ந்த திருத்தச் சட்டமும், மேலாண் இயக்குநரின் ஊதிய உயர்வு நடுவணரசின் ஒப்புதலின்றிச் செல்லாது என்றன. பாபா குழுவின் அறிக்கையைத் தழுவி உருவாகி 1956 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த நிறுவனச் சட்டம் இதனை விரிவாக்கியது. அதன் 198ஆம் பிரிவு மேலாண்மை ஊதியத்தின் மொத்த அளவை நிகர இலாபத்தில் 11 விழுக்காடாக வரையறுத்தது. இலாபம் போதாத ஆண்டில் குறைந்தளவு ஊதியமாக 50,000 ரூபாய் வரை வழங்க இடமளித்தது. இங்கு ஊதியம் ஆதாயத்தின் பங்காகவே கருதப்பட்டது.

1962ஆம் ஆண்டுச் சீனப்போர் மற்ற அளவுகோலை மீண்டும் கொணர்ந்தது. போர்ச்செலவை ஈடுசெய்ய மொரார்ஜி தேசாய் அளித்த 1963ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஊழியர் ஒருவர்க்கு மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் நிறுவனம் வழங்கும் தொகை வரிக் கணக்கில் செலவாக ஏற்கப்படாது என்னும் விதி இடம்பெற்றது. அமெரிக்க 1942ஆம் ஆண்டு ஆணையைப் போலவே இதன் வலிமையும் வரிச்சட்டத்தில் அமைந்தது. இலாபம் எவ்வளவாயினும் வரம்பு ஒன்றே என்றமையால் ஊதியம் இங்குக் கூலியாகக் கருதப்பட்டது எனலாம்.

1969 நவம்பரில் வகுக்கப்பட்ட நிர்வாக நெறிமுறை மாதச் சம்பளத்தை 7,500 ரூபாய்க்குள் அடக்கியது. 1978இல் அது 5,000 ரூபாயாகக் குறைந்தது. 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 637ஏஏ பிரிவு, ஒப்புதல் அளிக்கையில் நிறுவனத்தின் நிதிநிலை, விண்ணப்பத்திற்குரியவரின் தகுதி, பிற இடங்களில் அவர் பெறும் ஊதியம் ஆகியவற்றோடு, வருவாய் ஏற்றத்தாழ்வை நீக்கும் பொதுக்கொள்கையையும் கருதுமாறு பணித்தது. விண்ணப்பிக்கும் நிறுவனம் தன் உறுப்பினர்க்கு மாவட்டத்தின் முதன்மை மொழியிலும் ஆங்கிலத்திலும் செய்தித்தாள் அறிவிப்பு வெளியிடவேண்டும் என்பது 640பி பிரிவின் விதி. ஆதலின் பெங்களூர் நிறுவனத் தலைவரின் சம்பளம் கன்னட நாளிதழ் வாசகர் அறியும் பொருளாயிற்று.

1988 சூனில் நடைமுறைக்கு வந்த 13ஆம் அட்டவணை, மூலதன அளவிற்கேற்ப மாதம் 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்திற்குத் தனி ஒப்புதல் தேவையில்லை என்றது. 1994இல் இலாபமீட்டும் நிறுவனங்கள் விழுக்காட்டு எல்லைக்குள் விரும்பியவாறு வழங்கும் உரிமை பெற்றன. 2018 செப்டம்பர் 12 முதல், 11 விழுக்காட்டைக் கடந்த ஊதியத்திற்கும் பங்குதாரரின் சிறப்புத் தீர்மானமே போதும் என்றாயிற்று.

ஒப்புதலின் சுமையைத் தாங்கியோர்

இக்கட்டுப்பாடு மேல்நிலையோரை மட்டும் பாதித்ததாகக் கருதுதல் பொருந்தாது. பெங்களூர்ப் பொதுத்துறை நிறுவனங்களில் மேலாளர் சம்பளத்தை வரையறுத்த அதே தில்லி அதிகாரமே தொழிலாளர் ஊதிய உடன்பாட்டிற்கும் எல்லை வகுத்தது. 1980 டிசம்பர் முதல் 1981 மார்ச் வரை, பி.எச்.இ.எல். தொழிலாளர்க்கு இணையான ஊதியம் வேண்டி இந்நகரின் பொதுத்துறைத் தொழிலாளர் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நெடிய வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். பேச்சுவார்த்தை மேசையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்த நிறுவனத் தலைவர்க்குத் தாமே முடிவெடுக்கும் உரிமை குறைவாகவே இருந்தது. வரம்பிற்கு உட்பட்ட மேலாளரும் ஊதிய உயர்வு வேண்டிய தொழிலாளரும் ஒரே அலுவலகத்தின் முடிவை நோக்கியிருந்தமை, 1942இல் இந்நகரில் தொடங்கிய மாற்றத்தின் நெடுநாள் விளைவாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மேலாளர் ஊதியத்தை அரசு மதிப்பிடும் மரபு இந்தியாவில் மிகை இலாப வரியின்வழிப் போர்க்காலத்தில் தோன்றியது. அமெரிக்காவில் போருடன் மறைந்த கட்டுப்பாடு, இந்தியாவில் விடுதலை இயக்கத்தின் சமத்துவ நோக்கோடு இணைந்தமையால் நிலைபெற்றது. ஆதாயத்தின் பங்கு, உழைப்பின் கூலி என்னும் இரு அளவுகோல்களுள் அமைதிக் காலத்தில் முன்னதும், 1963இன் போர்க்காலச் சூழலில் பின்னதும் மேலோங்கின. 1969க்குப் பின் வறுமை ஒழிப்பு அரசியலும் பின்னதற்கே துணைநின்றது.

ஒப்புதல் முறை நீங்கினாலும் அதன் அடியிலிருந்த வினா நீங்கவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 197ஆம் பிரிவு, பங்குச்சந்தையில் இடம்பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் தன் இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியம் ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை வெளியிடுமாறு பணிக்கின்றது. மத்தாய் குழு வரம்பாக முன்வைத்த மடங்குக் கணக்கு இன்று வெறும் தகவலாக வெளிவருகின்றது. மறுக்கும் அதிகாரம் அரசிடமிருந்து பங்குதாரர்க்குச் சென்றுவிட்டது. அத்தகவலைப் படித்து வினா எழுப்பும் பொறுப்பு மக்களிடம் எஞ்சியுள்ளது.