மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்: படிவங்களிலும் அறிக்கைகளிலும் நேரும் பிழைகள்

1992ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், தனிக் கணினியிலேயே தரவுகளைச் சேமித்து, அவற்றை உள்ளிடுவதற்குப் படிவங்களையும் அச்சிட்டு எடுப்பதற்கு அறிக்கைகளையும் அமைத்துக்கொள்ள வழிசெய்யும் தரவுத்தள மென்பொருளாகும். படிவமும் அறிக்கையும் தாமாக எதையும் சேமித்து வைப்பதில்லை. அட்டவணையோ, அதிலிருந்து வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் குவெரியோ தருவதை எடுத்துக் காட்டுவதே அவற்றின் காரியமாதலால், திரையில் தோன்றும் விகாரங்களில் பெரும்பாலானவற்றின் மூலகாரணம் அவற்றுக்குப் பின்னாலேயே இருக்கும். இதை மறந்து வடிவமைப்பையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பது காலவிரயம்.

பெட்டியில் எண்ணுக்குப் பதிலாக '#நேம்?' என்று வருமானால், அது நாடும் புலம் ரெக்கார்டு சோர்ஸில், அதாவது படிவத்துக்குத் தரவு தரும் அட்டவணையிலோ குவெரியிலோ, இல்லை, அல்லது எழுத்துப் பிழையோடு குறிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அறிக்கையைத் திறக்கும்போது ஏதோ ஒரு மதிப்பைக் கேட்டுச் சிறு சாளரம் எழுவதும் பெரும்பாலும் அதே தோஷத்தின் வேறொரு ரூபமே. அதில் காணும் பெயரே பிழையின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். '#எர்ரர்' சற்று சூட்சுமமானது. 'தொகை' என்னும் புலத்தை இழுத்துப் படிவத்தில் வைத்தால் பெட்டிக்கும் அப்பெயரே அமைகிறது; பின்னர் அதன் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும் கண்ட்ரோல் சோர்ஸை '=[தொகை]*1.18' என்று மாற்றினால், பெட்டி தன் மதிப்பைத் தன்னிடமே கேட்டுச் சுழல்வதால் கணக்கு நடவாமற் போகிறது. பெட்டிக்கு வேறு பெயர் இட்ட மாத்திரத்தில் இது தீரும். பக்க அடிப்பகுதியில் 'சம்' கொண்டு கூட்டுத்தொகை காண முயன்றாலும் இதே சொல் தோன்றும். அக்கூட்டலுக்குரிய இடம் குழுவின் அடிப்பகுதி அல்லது அறிக்கையின் அடிப்பகுதி.

படிவம் ஒரு பெட்டியும் இன்றி வெறுமையாகத் திறப்பதைக் கண்டு தரவுகள் அழிந்தனவோ என்று அஞ்ச வேண்டியதில்லை. காட்டுவதற்குப் பதிவுகள் இல்லாமலும், புதியது சேர்க்க அனுமதி இல்லாமலும் இருந்தால் அவ்வாறே நேரும். தொகுத்துக் கூட்டும் குவெரிகள் திருத்தத்துக்கு இடம் கொடாமையால் அவற்றின்மீது கட்டிய படிவங்கள் இவ்வாறு அகப்பட்டுக்கொள்கின்றன. பழைய பதிவுகள் மட்டும் மறைந்தால் 'டேட்டா என்ட்ரி' பண்பு 'யெஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்தாற் போதும்.

அச்சில் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் வெற்றுத்தாளாக வருவது அளவுக் கணக்கு பிசகியதன் விளைவு. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; இருபுறமும் 2 செ.மீ. ஓரம் விட்டால் அறிக்கைக்கு எஞ்சுவது 17 செ.மீ.தான். வலக்கோடியில் நீண்டுவிட்ட ஒரு கோடு போதும், அகலம் அதைத் தாண்டிவிடும்.

தேதிகளால் விளையும் பிழை, செய்தி ஏதும் காட்டாமையால் மிகவும் அபாயமானது. ஆக்சஸின் நிரல்மொழியான விபிஏவில் தொடுக்கும் எஸ்க்யூஎல் வினவல் வாக்கியத்தில் '#05/03/2024#' என்பது அமெரிக்க முறைப்படி மே 3 என்றே கொள்ளப்படும். நாள் 12ஐத் தாண்டினால் அவ்வெண் மாதமாக இருக்க இயலாதாகையால் தேதி சரியாகவே கொள்ளப்பட்டு, பிழை மாதத்தின் முற்பகுதியில் மாத்திரம் தலைகாட்டும். ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

நெடும் உரைப் புலம் அறிக்கையில் 255 எழுத்துகளோடு நின்றுவிட்டால், குவெரியில் அப்புலத்தைக் கொண்டு குழுப்படுத்தியிருப்பதை நீக்க வேண்டும். வடிவமைப்பே சிதைந்துவிட்டதென ஐயுற்றால், கோப்பைப் பிரதியெடுத்துக்கொண்டு 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' செய்து பார்ப்பதும், அதற்கும் மசியாதபோது புதிய கோப்பொன்றில் எல்லாவற்றையும் இறக்குமதி செய்துகொள்வதும் வழக்கம்.