வெளிமானும் அதன் வெளியும்

நாடுகாணியில் உட்கார்ந்துகொண்டு வெளிமானைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். இங்கே மழை உண்டு, தேயிலை உண்டு; வெளிமான் கிடையாது. ஆனால் இதே மலையின் கிழக்கே, முதுமலையும் மசினகுடியும் தாண்டி, மாயாற்றுப் பள்ளத்தாக்கின் மழைமறைவுப் பகுதியில் அது இருக்கிறது. நிர்வாகச் சொல்லாடல் இந்த விலங்கை எங்கே வைத்தது, அதன் நிலத்தை எங்கே வைத்தது என்பதே என் கேள்வி.

பெயரிலிருந்து தொடங்கலாம். மான் என்கிறோம்; விலங்கியல்படி அது மான் இல்லை. புள்ளிமானின் கொம்பு கிளைவிடும், விழும், மறுபடி முளைக்கும். வெளிமானின் திருகுகொம்பு கிளைக்காது, விழாது. அது மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. தொல்காப்பிய மரபியல் புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என்ற பெயர்களைத் தருகிறது. ‘புல்வாய்’ என்பதில் புல் இருக்கிறது, ‘வெளிமான்’ என்பதில் வெளி இருக்கிறது. தூரத்திலேயே எதிரியைப் பார்ப்பதும் வேகமாக ஓடுவதும்தான் அதற்குப் பாதுகாப்பு. புதர் அடைத்துக்கொண்டால் இரண்டும் போச்சு.

காலனிய ஆவணங்களில் இந்த உறவு அறுபடுகிறது. 1877இல் உதகையில் வேட்டை விலங்குச் சங்கம். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். உரிமம், தடைக்காலம் எல்லாம் வந்தன. விலங்கு, வேட்டைக்காரனின் நாளைய இருப்பாகக் கணக்கில் ஏறியது. புல்வெளியோ வருவாய்த்துறைக் கணக்கில் ‘தரிசு’. விலங்கைக் காத்த அதே அரசு, மேல்மலைப் புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நட்டது. சமவெளிக்குச் சீமைக்கருவேலம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பார்வை மாறவில்லை: 1985இல் மரம் வளர்க்க ஏற்படுத்திய அமைப்புக்கும் தரிசுநில மேம்பாட்டு வாரியம் என்றுதான் பெயர். விலங்கு ஒரு கோப்பில், அது நிற்கும் மண் இன்னொரு கோப்பில்.

1967இல் கோடியக்கரை, 1978இல் கிண்டி, 1987இல் வல்லநாடு என்று காப்பிடங்கள் வந்தன. வேலி போட்டாச்சு, இனி தானாகப் பெருகும் என்ற நம்பிக்கை. கோடியக்கரையில் சீமைக்கருவேலம் புல்லைத் தின்றது. கிண்டியில் மரம் அடர்ந்த பக்கத்தைப் புள்ளிமான் சமாளித்தது. வெளிமானோ போலோ மைதானத் திறப்பை ஒட்டியே ஒதுங்கியது. தலையை மட்டும் எண்ணுகிற கணக்கு இதைச் சொல்லாது.

வெளியை மீட்பது ஒருநாள் வேலை அல்ல. சீமைக்கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, முளைக்கிற கன்றையும் வருஷா வருஷம் எடுக்க வேண்டும். அதன் நெற்றைத் தின்னும் மாடு சாணத்தில் விதையைப் பரப்பும் என்பது உண்மை. இந்த உண்மையை வைத்து, ‘மாட்டையும் ஆளையும் வெளியேத்து, எல்லாம் சரியாயிரும்’ என்பது தாவல். முளைத்துவிட்ட முள் ஆள் போனால் கூடவே போகாது.

மாயாற்றங்கரையின் தெங்குமரஹடா, உணவு உற்பத்தியைப் பெருக்க 1948இல் வனநிலத்தைக் குத்தகைக்குத் தந்து உருவான கூட்டுறவு விவசாய ஊர். அங்கிருப்போரை இடம்பெயர்க்கும் பிரச்சினை 2023இல் உயர் நீதிமன்றத்தின் முன் இருந்தது. போக விரும்புகிறவர்கள் உரிய இழப்பீட்டோடு போகட்டும். ஆனால் அவர்கள் விட்டுப்போகும் வயல் புல்லாகுமா, முள்ளாகுமா? அதைப் பார்த்துக்கொள்ள யாருக்குக் கூலி, யாருக்கு உரிமை?

1969ஆம் வருஷத்து ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட கூடலூர் வட்டாரத்தில் வாழ்கிறவன் நான். காகிதம் நிலத்துக்கு வைக்கிற பெயர் மனிதரை என்ன பண்ணும் என்று எங்களுக்குத் தெரியும். விலங்குக்கும் அதேதான் நேர்ந்திருக்கிறது. அயல் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு கொள்கை வகுத்தது நல்லது. அகற்றிய இடத்தில் மறுபடி மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளாமல், அதைப் புல்லாகவே விடுவதற்கு நிர்வாகம் முதலில் ‘தரிசு’ என்ற சொல்லைக் கைவிட வேண்டும்.