கிணறு விவசாயிக்கு, தண்ணீர் யாருக்கு?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கடைத்தெரு என்றே அழைக்கும் பாசார் வீதியில் பொன்னி அரிசிக்கு என்றும் கிராக்கி உண்டு. மலாயாவில் உருவான மாசூரி நெல்லின் வழி வந்ததுதான் பொன்னி என்பது பலர் அறியாத செய்தி. தமிழ்நாட்டில் நெல் விளைய ஆற்று நீர் மட்டும் போதாது. பல மாவட்டங்களில் கிணறுதான் கைகொடுக்கிறது. அந்தக் கிணற்றுக்கு அரசாங்கம் எப்படிக் கட்டுப்பாடு விதித்தது என்பதை அறிய, சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூரின் கதையைப் பார்க்க வேண்டும்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் அதன் அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளலாம் என்பது 1882-இல் ஆங்கிலேயர் வகுத்த சட்டம். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் அதனால் பெரிய தொல்லை இல்லை. மின்மோட்டார் வந்த பிறகுதான் ஒருவர் கிணறு அடுத்தவர் கிணற்றை வற்றச் செய்தது.

1960-களில் ஐ.நா. உதவியுடன் நடந்த ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நல்ல ஊற்று இருப்பதைக் கண்டறிந்தது. அரசாங்கமே அங்கே கிணறு தோண்டி, ஆலைகளுக்கும் நகரத்துக்கும் இறைத்தது. விவசாயிகளும் இறைத்தனர். நன்னீர் இறங்க இறங்க, கடல்நீர் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. உப்பேறிய கிணற்றை வைத்துக்கொண்டு நெல் நடுபவர் என்ன செய்வார்?

இதற்குப் பிறகே, 1987-இல் சென்னை வட்டார நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட கிராமங்களில் புதுக் கிணறு வெட்ட அனுமதி வேண்டும். லாரியில் நீர் கொண்டுசெல்ல உரிமம் வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் 2000-களின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது, சென்னைக் குடிநீர் வாரியமே விவசாயிகளின் கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று கிணற்றுக்காரர்கள் கண்டுகொண்டனர். நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிழைத்த கூலித் தொழிலாளிக்கு விற்க ஏது கிணறு? அவருக்கு வேலைதான் போயிற்று. இந்த இழப்பை எந்தச் சட்டமும் கணக்கில் எடுக்கவில்லை.

மாநிலம் முழுவதற்குமான சட்டம் 2003-இல் நிறைவேறியது. ஒருபுறம் விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம், மறுபுறம் நீருக்குக் கட்டுப்பாடு என்றால் எந்த அரசாங்கத்துக்குத் துணிவு வரும்? நடைமுறைக்கு வராமலேயே அச்சட்டம் 2013-இல் ரத்தானது.

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்ட அந்த ஆலையின் நீரும் சென்னைக்குத்தான் போனது.