கூத்தும் பட்டறையும்

சபா நாடகங்களில் தொங்கவிட்ட ஒலிவாங்கிக்குக் கீழே நின்று வசனம் பேசுவதே நடிப்பு என்று ஆகிவிட்டிருந்த 1970களில், சிறுகதையாசிரியரான ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைக் கண்டு, நவீன நாடகத்துக்கான வழி அதில் இருப்பதாக உணர்ந்தார். எழுத்தாளர் ஒருவர் நடிகனின் உடம்பை நாடகத்தின் மூலப்பொருளாக எண்ணத் தொடங்கியது தமிழ் அரங்க வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. 1977இல் சென்னையில் தோன்றிய கூத்துப்பட்டறை என்னும் நாடகக்குழு அந்த எண்ணத்தின் விளைவாகும்.

செய்யாற்றை அடுத்த புரிசையில் தலைமுறைகளாக ஆடப்பட்டுவரும் கூத்தில், கட்டை வேடம் எனப்படும் பெருவேடம் புனைபவர் கண்ணாடித் துண்டுகள் பதித்த மரக் கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் மார்ப்பதக்கத்தையும் சுமந்து, காலில் சலங்கையுடன், இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடியபடியே வெளிப்படுகிறார். கிறிக்கி எனும் தொடர்சுழற்சியை முடித்த மறுகணமே அடுத்த அடியை அவரே முகவீணையின் சுருதிக்கு எடுத்துப் பாட வேண்டும் என்பதால், கால் கற்கும் அடவைவிட மூச்சு கற்கும் அடக்கமே இக்கலையில் கடினமானது. பட்டறை நடிகர்களுக்குப் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் கற்பித்தவற்றுள் விலைமதிப்பற்றது இதுவே எனலாம்.

கூத்துடன் சிலம்பம், களரிப்பயிற்று, ராஜகம்பள நாயக்கர் சமூகத்தின் தேவராட்டம், யோகம் ஆகியவையும் பட்டறையில் பயிற்றுவிக்கப்பட்டன. களரியில் யானை, சிங்கம், பாம்பு முதலிய விலங்குகளின் நிலைகளை வடிவு என்பர்; அவற்றில் தாழ்ந்து நின்று பழகிய இடுப்பு, சிலம்பக் கம்பின் வீச்சுக்கு ஏற்பக் காலடி மாற்றிப் பழகிய கால் ஆகியவை, எந்தக் கலையின் சாயலும் வெளித்தெரியாமல் பாத்திரத்துக்குப் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம். அது எப்போதும் கைகூடியது என்று சொல்வதற்கில்லை. கற்ற வித்தையை அப்படியே மேடையில் காட்டிவிடும் ஆசை இளம் நடிகர்களுக்கு இயல்புதானே. 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி கிடைத்த பின்னர், முழுநேர நடிகர்களை வைத்து நாள்தோறும் பயிற்சி நடத்த முடிந்தது.

ஆயினும் கற்கும் முறை அடியோடு மாறிவிட்டது. கூத்துக்காரரின் பிள்ளை பின்பாட்டுப் பாடியும் சிறுவேடம் கட்டியும், பாரத விழாக்களில் விடியவிடிய விழித்திருந்தும் பெற்றதைப் பட்டறை மாணவர் காலைநேரப் பாடமாகப் பெற்றார். திரௌபதி அம்மன் கோயிலும் நேர்த்திக்கடனும் ஊராரும் அப்பாடத்துக்குள் வரவில்லை. இதை இழப்பென்று மட்டும் கருதுவதும் பொருந்தாது; ஏனெனில் புரிசைக் கூத்தர்களும் பட்டறையோடு பழகிய காலத்தில் கார்சியா மார்க்கேஸின் சிறுகதையொன்றைக் கூத்தாக ஆடத் துணிந்தார்கள்.

கண்ணப்பத் தம்பிரானின் மகன் கண்ணப்ப சம்பந்தன், பாரிஸின் தியேட்டர் தூ சொலே குழுவுக்குக் கூத்து கற்பித்தார். அரியான் முனுஷ்கின் இயக்கத்தில் 2016இல் அக்குழு அரங்கேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்தில், பல நாடுகளிலிருந்து வந்த நடிகர்கள் பாரதக் கூத்தின் காட்சிகளைத் தமிழிலேயே பாடி ஆடினார்கள்.