பறங்கிப்புண்ணும் ஆறு குருதி மாதிரிகளும்

நோய்களுக்குப் பெயர் வைப்பதில் சமூகங்கள் ஒருபோதும் நேர்மையாக நடந்துகொண்டதில்லை. சிபிலிஸ் என்று இன்றைய மருத்துவம் சொல்லும் நோய்க்குத் தமிழில் பறங்கிப்புண் என்று பெயர். கப்பலேறி வந்த போர்த்துக்கீசியரின் மேல் ஏற்றிய பழி அச்சொல்லில் உறைந்திருக்கிறது. அதற்கு மருந்தாக நம் வைத்தியர்கள் கையாண்ட கிழங்கு பறங்கிப்பட்டை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். அயலான் கைக்கு எட்டாதபோது பழி அருகிலிருக்கும் பெண்ணின் மேல் விழுந்தது.

அவ்வாறு விழுந்த பழி 1868 இல் சட்டமாயிற்று. இராணுவத்தினரிடையே பால்வினை நோய்கள் பெருகுவதைக் கண்டு அஞ்சிய பிரிட்டிஷ் இந்திய அரசு, பரத்தையரைப் பதிவு செய்து தவணைதோறும் பரிசோதிக்க ஆணையிட்டது. நோய் கண்ட பெண் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைக்கப்பட்டாள். அன்று கையிலிருந்த மருந்தோ பாதரசம். பென்சிலினுக்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்தது. அவளிடம் வந்துபோன ஆணுக்கு அச்சட்டத்தில் பரிசோதனை இல்லை. ஒரு சங்கிலியின் பாதிக் கண்ணிகளை மட்டும் கழுவினால் நோய் எப்படித் தீரும்? இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் நடத்திய நெடிய போராட்டத்தின் விளைவாக அங்கே 1886 இலும், இங்கே 1888 இலும் இச்சட்டங்கள் நீக்கப்பட்டன. (நம் அஞ்சுகிராமம் அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்குள் இருந்ததால் பிரிட்டிஷ் இந்தியாவின் அச்சட்டம் இங்கே செல்லாது. மனப்பாங்கு மட்டும் எல்லைச்சாவடிகளில் நின்றதாகத் தெரியவில்லை.)

ஒரு நூற்றாண்டு கழித்து அதே நாடகம் சென்னையில் மீண்டும் அரங்கேறியது. 1981 இல் அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்ட எய்ட்ஸ் நம் பண்பாட்டுக்குள் நுழையாது என்று இந்தியாவில் பலரும் நம்பியிருந்த காலம். பறங்கிப்புண்ணின் தருக்கம்தான் இதுவும். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸ் கண்காணிப்பையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். சிறிய ஊரில் மரபான குடும்பத்தில் பிறந்த நிர்மலாவுக்கு முதலில் தயக்கம், கணவர்தான் ஊக்கினார். பாலியல் தொழிலாளர்களைச் சந்திக்கத் தனியிடம் எதுவும் சென்னையில் இல்லை. கைது செய்யப்பட்டுப் பிணைக்குப் பணமில்லாத பெண்களை வைத்திருந்த அரசுக் காப்பகத்திற்கு அவர் காலைதோறும் சென்றார். ஏறத்தாழ 80 குருதி மாதிரிகள் சேர்ந்தன. கையுறையும் இல்லை, சேமிக்கும் வசதியும் இல்லை. பிரித்தெடுத்த சீரத்தை நிர்மலா தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் அவரும் கணவரும் அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் இட்டு இரவு ரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சேர்ப்பித்தனர். எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. அமெரிக்காவில் மறுசோதனை செய்து முடிவு உறுதிப்படுத்தப்பட்டது. எச்.ஐ.வி. இந்தியாவில் இருப்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான்.

இக்கண்டுபிடிப்பின் துணிவையும் உழைப்பையும் குறைத்து மதிப்பிட நமக்கு மனமில்லை. கையுறையின்றி ஊசி பிடித்த அந்த மாணவி இல்லாவிட்டால் நாடு விழித்துக்கொள்ள இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ. ஆயினும் எதற்காகத் தம் குருதி எடுக்கப்படுகிறது என்று அப்பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். முடிவு வந்தபிறகு நிகழ்ந்தது இன்னும் கொடியது. தொற்று உறுதியானவர்கள் தண்டனைக்காலம் முடிந்தும் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்தார்; 1990 இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தில் 1986 இல் சேர்க்கப்பட்ட திருத்தமும், விடுதியிலிருந்து மீட்கப்படும் பெண்ணைப் பால்வினை நோய்க்காகப் பரிசோதிக்கச் சொன்னதே தவிர, அங்கே பிடிபடும் வாடிக்கையாளனைச் சொல்லவில்லை. பெயர்தான் மாறியிருந்தது, லாக் ஆஸ்பத்திரி அப்படியே இருந்தது.

விடுபட்ட அந்த ஆண் யார் என்பதைக் காலம் விரைவிலேயே காட்டியது. 1993 இல் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. மையத்திற்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத மனைவியர்.

மாற்றுவழி கல்கத்தாவிலிருந்து வந்தது. 1992 இல் சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா பணியைத் தொடங்கியபோது சிக்கலின் முடிச்சு எங்கே என்று அப்பெண்களிடமே கேட்டார். ஆணுறையின் பயன் தெரியாததல்ல அவர்கள் பிரச்சினை. ஒருத்தி ஆணுறை வேண்டுமென்று வற்புறுத்தினால் வந்தவன் அடுத்த அறைக்குப் போய்விடுவான். அன்றைய அடுப்பு எரியாது. எல்லா அறைகளிலும் ஒரே பதில் கிடைத்தால்தான் அவன் இணங்குவான். ஆகவே மருந்துப் பெட்டியோடு சங்கமும் தேவைப்பட்டது. அப்பெண்களே சுகாதாரப் பணியாளராயினர். புண்களுக்கு உடனுக்குடன் சிகிச்சை தரப்பட்டது. பிற பால்வினைப் புண்கள் எச்.ஐ.வி.க்குக் கதவு திறந்துவிடுபவை என்பதால் அது முக்கியம். 1995 இல் அவர்களின் அமைப்பான தர்பார் உருவாயிற்று. 1990களின் பிற்பகுதியில் மும்பையின் பாலியல் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தொற்றுக்கு ஆளாகியிருந்தபோது, 1998 இல் சோனாகாச்சியில் அது 5 சதவீதத்தை ஒட்டியே இருந்தது.

அப்பெண்கள் தம் குரலிலேயே பேசத் தொடங்கியதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான். நளினி ஜமீலாவின் மலையாளத் தன்வரலாறு 2005 இல் வந்தது; அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம் மாவட்டத்துக்காரரான குளச்சல் மு. யூசுப். இரக்கத்தையும் அருவருப்பையும் ஒருசேர மறுக்கும் அந்நூலை வாசகர்கள் தேடிப் படிக்கலாம்.

சுனிதி சாலமன் 2015 இல் மறைந்தார். 2017 இல் நிறைவேறிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எதற்காகச் சோதனை என்பதை எடுத்துச் சொல்லி, சம்மதம் பெற்ற பின்னரே ஒருவருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யவேண்டும் என்கிறது அச்சட்டம். காப்பகத்தில் அப்பெண்கள் கைநீட்டி அப்போது 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.