டிராமில் தெரிய வந்த மருந்து

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டர் பின்னாடி பஸ் ஊர்ந்தாலே எனக்குக் குமட்டும். பஸ் கிளம்பினதும் அம்மா ஒரு அவோமின் கொடுப்பாங்க.

இந்த மாத்திரைக்கு ஒரு அக்கா உண்டு, டிராமமின். 1947, அமெரிக்காவின் பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லெஸ்லி கே, பால் கார்லைனர் என்ற டாக்டர்கள், தோல் தடிப்போடு வந்த ஒரு கர்ப்பிணிக்குப் புது அலர்ஜி மருந்து கொடுக்கிறாங்க. டிராம்ல வந்தா வழக்கமா வர்ற குமட்டல் வரலையேன்னு கவனிச்சுச் சொன்னது அந்தப் பெண்தான். கண்டுபிடிப்புல பாதி அவங்களோடது, என்னைக் கேட்டா. அடுத்த வருஷம் நவம்பர்ல, அட்லாண்டிக்கைக் கடந்த ராணுவக் கப்பல்ல சிப்பாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. சிலருக்கு மருந்தில்லாத டம்மி மாத்திரை. மருந்து ஜெயிச்சுது.

அவோமினும் அலர்ஜி மருந்துதான், பெயர் புரோமெத்தசின். மூளையில் வேலை செய்யுது, அதனால தூக்கமும் வரும். சாப்பிட்டா வண்டி ஓட்டக் கூடாது, கூடவே மதுவும் கூடாது. 2 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது; மூச்சு அடங்கிடலாம்னு 2004-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிச்சுது. பெரிய பிள்ளைகளுக்கும் டாக்டர் சொன்ன அளவுதான்.

கிளம்புறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டாத்தான் பலன். அம்மாவுக்கு அது தெரியாது. வழியில வாந்தி எடுத்து முடிச்சு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல அவங்க தோள்ல தூங்கி விழுவேன்.